ஜன்னலுக்கு வந்த வரி

மந்தாரக்குப்பம்
10.9.2023

என் வீட்டுக்காரருக்கு,

மாரி எழுதுவது. இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஓசூர் குளிரில் உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, அதனால் எழுதுகிறேன்.

வீட்டு வரிக்கு அளக்கப் பேரூராட்சி ஆபீசிலிருந்து ஒருத்தர் வந்தார். வாசல் தேடி வந்தவரைப் பட்டினியாகவா அனுப்புவது? நாலு இட்லி வைத்தேன். அந்த நேரம் பார்த்துச் சுரங்கத்தில் நைட் ஷிஃப்ட் முடிந்த கான்ட்ராக்ட் பையன்கள் ஜன்னலில் இட்லிப் பொட்டலம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த மனுஷரும் சாப்பிட்டுவிட்டுக் காசை நீட்டினார். பழக்க தோஷம், வாங்கி டப்பாவில் போட்டுவிட்டேன். முன்னறையைக் கடை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். என் புத்தியை என்ன சொல்ல.

கடைக்கு வரி இரண்டு மடங்காம். ஒரேயடியாக ஏற்ற மாட்டார்களாம், மூன்று வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தானாம். "வூடு யார் பேர்ல இருக்குதோ அவரு நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்மா. மூணாவது தடவை ஏத்துறதுக்குள்ள வந்தா மறுபடி வூடுன்னு மாத்திடலாம்" என்று ஆபீசில் சொன்னார்கள். வீடு உங்கள் பேரில்தானே இருக்கிறது. ஒரு நாள் வந்து போங்கள்.

உங்கள்
மாரி

ஓசூர்
2.10.2023

அன்பு மாரிக்கு,

இருமல் பரவாயில்லை. வரி போட வந்தவரிடமே இட்லிக்குக் காசு வாங்கியவள் நீ ஒருத்திதான். கம்பெனி கேட்டில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன்.

இந்த வருஷம் ஏறியது கொஞ்சம்தானே, கட்டிவிடு. செக்யூரிட்டிக்கு ஆள் குறைவு, லீவு கேட்டால் முறைக்கிறார்கள். பொங்கலுக்கு வரப் பார்க்கிறேன்.

குஞ்சிதபாதம்

மந்தாரக்குப்பம்
15.9.2024

என் வீட்டுக்காரருக்கு,

பொங்கலும் போச்சு, ஆடியும் போச்சு. வரி இரண்டாவது தடவையும் ஏறிவிட்டது. இட்லி விலையை ஒரு ரூபாய் கூட்டினேன், பாதிப் பையன்கள் எதிரில் நிற்கும் இட்லி வண்டிக்குப் போய்விட்டார்கள். தினம் வருகிற சின்னதுரைகூட, "நாங்க என்னா பண்றதுக்கா, எங்களுக்கு அதே கூலிதான குடுத்துகினு இருக்காங்க" என்கிறான். அவனைத் திட்ட முடியுமா?

எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த ஜன்னல்தான் எனக்குச் சோறு போடுகிறது. ஒரு கையெழுத்துதான் கேட்கிறேன்.

உங்கள்
மாரி

ஓசூர்
20.10.2024

அன்பு மாரிக்கு,

கோபப்படாதே. முட்டி வலியில் பஸ் ஏறவே முடியவில்லை. இன்னும் ஒரு வருஷம் இருக்கிறதே, தை பிறக்கட்டும். கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன்.

குஞ்சிதபாதம்

மந்தாரக்குப்பம்
21.9.2025

என் வீட்டுக்காரருக்கு,

மூன்றாவது தடவையும் ஏற்றிவிட்டார்கள். இனி நீங்கள் வந்து கையெழுத்துப் போட்டாலும் செல்லாதாம். ஜன்னலுக்குப் பலகை அடித்தாகிவிட்டது. இட்லி குண்டானைப் பக்கத்து வீட்டுச் சத்யப்பிரியா வாங்கிக்கொண்டாள். திங்கட்கிழமையிலிருந்து டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டுக்குச் சமைக்கப் போகிறேன்.

உங்களைத் திட்டுவதற்கு எழுதவில்லை, திட்டி என்ன ஆகப் போகிறது. நீங்களும் ஒரேயடியாகப் போய்விடவில்லை. வாராவாரம் வந்தீர்கள், அப்புறம் மாதம் ஒரு தடவை, அப்புறம் பண்டிகைக்கு மட்டும். ஒவ்வொரு தடவையும் இவ்வளவுதானே, தாங்கிக்கொள்ளலாம் என்றுதான் எனக்கு இருந்தது. வரியைக் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்து மொத்தமாகக் கூட்டிப் பார்த்தேன். என்னால் முடியவில்லைங்க.

உங்கள் ஸ்வெட்டரையும் மிச்சத் துணிகளையும் பார்சலில் போட்டிருக்கிறேன். இருமல் மருந்தை விட்டுவிடாதீர்கள்.

மாரியம்மாள்