தொட்டியில் கிடக்கும் ஜாடி

1983 ஆகஸ்ட் 9, செவ்வாய்

பதினோரு நாட்களாக என் குளியலறைத் தொட்டியில் ஒரு ஜாடி மூழ்கிக் கிடக்கிறது. வீராம்பட்டினத்து முனியனின் வலையில் ஏறியது. என்றோ மூழ்கிய கப்பலின் சரக்கு. காய்ந்தால் உள்ளே ஊறிய உப்பு அதை நொறுக்கிவிடும் என்பதால் தினமும் நல்ல தண்ணீர் மாற்றுகிறேன். நான் சமையலறை மூலையில் வாளி வைத்துக் குளிக்கிறேன்.

அருங்காட்சியக அதிகாரியான என் பழைய மாணவனை நான்தான் அழைத்தேன். ஜாடியைப் பார்த்துப் பூரித்துப்போனான்.

"எந்த இடத்துல கிடைச்சது, மேடம்? சொன்னீங்கன்னா முக்குளிக்க ஆள் கொண்டாந்துடுவேன். வேல முடியிற வரைக்கும் அங்க ஒரு வலை விழாது."

நாளை வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, நிரப்பி வைக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்துப் போனான்.

பின்கட்டில் எனக்கு மீன் அரிந்துகொண்டிருந்த முனியனின் மனைவி அஞ்சலை எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். செதில் ஒட்டிய கையோடு உள்ளே வந்தாள்.

"அந்தக் கப்பலாண்டதான் டீச்சரம்மா மீனு அடையுது. அத்த மூடிட்டா எங்க வூட்ல ஒல ஏறுமா? ஜாடிக்கு ஊத்துற தண்ணிய எங்க வாயிலயும் ஊத்திடு."

கிடைத்த இடம் தெரியாத பொருள் சரித்திரமல்ல, வெறும் பானை என்று வகுப்பில் முப்பது வருடம் சொன்னவள் நான். கரையின் எந்தக் கோபுரத்தை எந்த மரத்துக்கு நேராக வைத்துப் படகை நிறுத்துவது என்பதுவரை முனியன் எனக்கு மட்டும் சொல்லியிருக்கிறான்.

படிவத்தில் 'கிடைத்த இடம்' என்ற வரியில் 'தெரியாது' என்று எழுதிவிட்டேன். மாணவன் எவனாவது இப்படி எழுதியிருந்தால் வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருப்பேன். நான் பொய் சொல்லி அந்த அதிகாரி மாணவன் பார்த்ததில்லை. நாளைக் காலை பத்து மணிக்குப் பார்ப்பான்.