மூடுபனியில் மெதுவாக

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அம்மா சுகம், நான் சுகம், கார் மட்டும் காலையில் கொஞ்சம் இருமுகிறது. ஆமாம், கார்! இந்த வயதில் லைசென்ஸ் எடுத்து, ஒரு பழைய வண்டியும் வாங்கிவிட்டேன். சிரிக்காதே. டிரைவிங் கற்றுக்கொடுத்தவர் ஏற்கெனவே சிரித்துவிட்டார். "சார், மூக்குக்கண்ணாடிக் கடை வெச்சிருக்கீங்க, வண்டியில இருக்கற கண்ணாடியையும் அப்பப்ப பாருங்க" என்றார்.

வண்டி எதற்கு என்று கேட்பாய். அம்மாவுக்காகத்தான். போன வாரம் கண் டாக்டரிடம் போனோம். கண்ணில் அழுத்தம் ஏறி ஓரப் பார்வை போய்விட்டதாம். போனது போனதுதான், மிச்சத்தைச் சொட்டு மருந்து போட்டு எவ்வளவு நாள் பிடித்துவைக்க முடியுமோ பார்க்கலாம் என்கிறார். ஊரில் பாதிப் பேர் மூக்கில் கண்ணாடி மாட்டிவிட்டவன் நான். என் அம்மாவுக்கு உதவுகிற கண்ணாடி என் கடையில் இல்லை. இப்போது குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் நேராக இருப்பதை மட்டும்தான் பார்க்கிறாள்.

அவள் கேட்பது ஒன்றே ஒன்று. "பார்வை இருக்கறப்பவே உங்க அக்கா வேலை பாக்கற மலை ரோட்ட ஒரு தடவ பாத்துடணும்டா" என்கிறாள். எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து அந்த ரோட்டைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். உன்னைப் பெற்றவள் பார்க்க வேண்டாமா? அந்த ரோட்டுக்கே என்ஜினீயர் நீ, அதைத் திறப்பதும் மூடுவதும் உன் கையில்தான் இருக்கிறது. எப்போது வரட்டும், எழுது. போன் வேண்டாம், போட்டால் உன் மலைக்காற்று மட்டும்தான் பேசுகிறது.

உன் அன்புத் தம்பி


ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவின் கண்ணைப் பற்றி நீ எழுதிய இடத்தைத் தாண்டவே வெகுநேரம் ஆயிற்று. மருந்தை வேளை தவறாமல் போடு. மறந்துவிட்டு, போட்டேன் என்று சாதிப்பாள், நம்பாதே.

இப்போது மட்டும் வராதீர்கள். பனி உருகும் காலம் பார்க்க அழகு, ஓட்டப் பொல்லாதது. காலையில் காய்ந்து கிடக்கும் ரோட்டில் மத்தியானம் ஓடை பாய்கிறது. பொழுது சாய்ந்தால் அதே தண்ணீர் உறைந்து வழுக்குகிறது. அத்தனை மாதம் பாறைகளை இறுக்கிப் பிடித்திருந்த பனி பிடியை விட்டதும் அவை கழன்று வருகின்றன. நேற்று எங்கள் ஜீப்புக்கு முன்னால் அடுப்பு அளவுக்கு ஒரு கல் விழுந்தது. ரோட்டு வேலையிலேயே பழம் தின்று கொட்டை போட்டவர் எங்கள் டிரைவர், அவரே ஜீப்பைப் பின்னால் எடுத்துவிட்டார். நீ நேற்று லைசென்ஸ் வாங்கியவன். ஜூன் வரட்டும்.

அதுவரை பழகு. இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வராதே; கருகிய வாடை வந்தால் பிரேக் உன்னைக் கைவிடப் போகிறது என்று அர்த்தம். எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. ஏறி வருகிற வண்டிக்கு வழி விடு. வளைவுக்கு முன்னால் ஹாரன் அடி. வளைவில் வேடிக்கை பார்க்காதே, அது அம்மாவின் வேலை.

அம்மாவுக்குப் பெரிய எழுத்தில் தனித்தாள் வைத்திருக்கிறேன். அவளே படிக்கட்டும்.

உன் அக்கா


ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தாளை அம்மா பூதக்கண்ணாடி வைத்துப் படித்தாள். படித்து முடித்து, மடித்து, பிறகு மறுபடி பிரித்தாள்.

நான் தினமும் மேம்பாலத்தில் ஏறி இறங்கிப் பழகுகிறேன். அம்மாதான் பக்கத்து சீட்டில் கண்டக்டர். "ஒரு வண்டியும் வரல, நீ போ, போ" என்று விரட்டுகிறாள். அவளுக்கு ஓரத்தில் எதுவும் தெரியாது என்பது எனக்கு ஒரு லாரி ஹாரன் அடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. லாரிக்காரர் எங்கள் குடும்பத்தையே விசாரித்துவிட்டுப் போனார். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும், "அவ்ளோ பெரிய லாரிடா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

ஜூன் வந்துவிட்டது அக்கா. அவள் பையைக் கட்டி வாசலருகில் வைத்திருக்கிறாள். நாங்கள் நடக்கும்போதெல்லாம் அதில் இடறிக்கொள்கிறோம்.

உன் தம்பி


ஜூன் 28

அன்புள்ள தம்பிக்கு,

மழை முந்திக்கொண்டது. அருவிக்குப் பக்கத்தில் ரோடு கால்வாசி சரிந்து, மிச்சத்தில் ஒரு வண்டி மட்டும் ஊர்ந்து போகிறது. அதிலும் சுற்றுலாக்காரர்கள் நட்டநடு வளைவில் காரை நிறுத்திவிட்டுப் படம் எடுக்கிறார்கள். அவர்களைப் பார்த்துக் கத்திக் கத்தி என் தொண்டை கட்டிவிட்டது. இதற்குள் உன்னை எப்படி வரச் சொல்வேன்? மழைக்காலத்தில் மேலிருந்து சின்னக் கற்கள் உதிர்ந்தாலோ, தெளிந்த ஓடை கலங்கி வந்தாலோ, பெரியது பின்னால் வருகிறது என்று எடுத்துக்கொள்.

அக்டோபரில் வாருங்கள். மழை கழுவிவிட்ட வானம். கடைசிச் சிகரம்வரை தெரியும். மூடுபனி வரலாம். வந்தால் பெரிய லைட்டைப் போடாதே, அது உன் கண்ணிலேயே திருப்பி அடிக்கும். சின்ன லைட்டைப் போட்டு, ரோட்டோர வெள்ளைக் கோட்டை விடாமல், மெதுவாக வந்தால் போதும்.

இன்னொன்று. கீழ்க் கேட் மூடியிருந்தால் தர்க்கம் பண்ணாதே. என் தம்பி என்று சொல்லவே சொல்லாதே. மேடத்துக்கு வேண்டியவர் என்று ஒருவரை விட்டுவிட்டால், அப்புறம் என்னால் எவரையும் நிறுத்த முடியாது. சத்தமில்லாமல் வண்டியைத் திருப்பு.

உன் அக்கா


செப்டம்பர் 30

அக்கா,

உன் பெரிய எழுத்தும் இப்போது அம்மாவுக்கு ஆகவில்லை. நான்தான் படித்துக் காட்டுகிறேன். இன்னும் எதிரில் நிற்கிறவர் முகம் தெரிகிறது. எத்தனை நாளைக்கு என்று டாக்டரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பத்தாம் தேதி சனிக்கிழமை வருகிறோம். வேண்டாம் என்று எழுதாதே.

தம்பி


அக்டோபர் 11

அக்கா,

வந்தோம். திரும்பிவிட்டோம்.

நீ சொன்னதில் ஒன்றையும் நான் விடவில்லை. ஹாரன், கியர், ஏறுகிற வண்டிக்கு வழி, எல்லாம். அம்மா அந்தப் பையை மடியிலேயே வைத்திருந்தாள். கீழ்க் கேட்டுக்கு வந்தால் கம்பி இறங்கியிருந்தது. மலை உச்சியில் கொஞ்சம் மேகம், அவ்வளவுதான். காத்திருந்தோம். பிறகு அது இறங்கி வந்து காரைச் சுற்றிக்கொண்டது.

அம்மா ஜன்னலை இறக்கிப் பார்த்தாள். எங்கும் ஒரே வெள்ளை. "டேய், என் கண்ணு போயிடுச்சாடா?" என்றாள். அக்கா, அந்தக் குரலை நான் எப்படி எழுதுவேன்? "இல்லம்மா, மூடுபனி" என்றேன். நம்பவில்லை. தன் கையை முகத்துக்கு நேரே கொண்டுவந்து பார்த்தாள். "கை தெரியுது" என்றாள். அந்தக் கையை வீடு வரும்வரை பையின்மேலேயே வைத்திருந்தாள்.

கேட்காரர் நல்ல மனுஷன், டீ கொடுத்தார். "வழக்கமா இந்த மேகத்துக்கெல்லாம் மூட மாட்டாங்க சார். நாலஞ்சு வண்டிய ஒண்ணா சேத்து, முன்னாடி ஜீப்ப விட்டு மெதுவா ஏத்திடுவாங்க. இன்னைக்கு மேகம் இறங்கறதுக்கு முன்னாடியே மேடம் மூடச் சொல்லிட்டாங்க, ஏன்னு தெரியல" என்றார்.

நான் யாரென்று சொல்லவில்லை. உன் விதியாயிற்றே. சத்தமில்லாமல் வண்டியைத் திருப்பினேன். பாதி தூரம் இறங்கியதும் கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். மலை முழுக்க வெயில்.

அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

தம்பி


அக்டோபர் 24

தம்பி,

இதை அம்மாவுக்குப் படிக்காதே.

கேட்காரர் சொன்னது சரி. அன்றைக்கு வேறு யார் வந்திருந்தாலும் ஜீப்பை முன்னால் விட்டு ஏற்றியிருப்பேன். வருவது நீங்கள் என்று தெரிந்ததால்தான் மூடினேன். சரிவில் மேகம் கிளம்பியதைப் பார்த்ததும், அந்த வெள்ளைக்குள் உன் கார், அதற்குள் அம்மா, இதுதான் மனதில் ஓடியது. கை தானாக வயர்லெஸ்ஸை எடுத்துவிட்டது. மேகம் விலகட்டும், பிறகு வரச் சொல்லலாம் என்று நினைத்தேன். விலகியதும் கீழே கேட்டேன். "ஒரு அம்மாவும் மகனும் வந்தாங்க மேடம். ரொம்ப மரியாதையானவங்க, ஒரு வார்த்தை தகராறு பண்ணாம போயிட்டாங்க" என்றார். இங்கே அம்மாவுக்குக் கட்டில் போட்டு, கம்பளி விரித்து வைத்திருந்தேன். அதை இன்னும் மடிக்கவில்லை.

யாரென்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால் என்ன என்று உன்மேல்கூடக் கோபம் வந்தது. எனக்கு வெட்கமே இல்லை பார்.

பனி, பாறை, மழை என்று உனக்கு எழுதிய காரணங்களில் ஒன்றுகூடப் பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் என்னைத் திட்டிக்கொண்டாவது ஆறியிருப்பேன். எல்லாம் உண்மை, எல்லாவற்றையும் சொல்லி அவளை வரவிடாமல் செய்தவளும் நான்தான்.

மலையைப் பெரிய பெரிய படமாக எடுத்து அனுப்பட்டுமா? கிட்டே வைத்துப் பார்ப்பாளா?

அக்கா


நவம்பர் 8

அக்கா,

படம் வேண்டாம். போன வாரம் அந்த மிச்சமும் போய்விட்டது. இப்போது வெளிச்சம், இருட்டு, அவ்வளவுதான் தெரிகிறது.

படிக்காதே என்றாய். படித்துவிட்டேன். உன்மேல் கோபமில்லை என்று எழுதினால் அது பொய். ஆனால் அம்மா சொன்னதை நீ கேட்டே ஆக வேண்டும்.

"மலையப் பாக்கவாடா வந்தேன்? கல்லும் மரமும் எங்கதான் இல்ல? அவளப் பாக்கத்தான் வந்தேன். அவள இங்க வாடின்னா ரோடு, ரோடும்பா. சரி, ரோட்டப் பாக்க வரேன்னு சொன்னா சந்தோஷப்படுவாளேன்னு சொல்லி வெச்சேன்."

அப்புறம் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள். "உன் கடை திறந்தப்ப வந்தாளே, அந்தப் பச்சை ஸ்வெட்டரோடயே என் கண்ணுக்குள்ள நிக்கறா. இப்ப அவளுக்கு நரைச்சிருக்குமா?"

எனக்குத் தெரியவில்லை அக்கா. உன்னை நானும் அன்றைக்குத்தானே பார்த்தது.

தம்பி


நவம்பர் 19

அன்புள்ள தம்பிக்கு,

வானம் கனத்துக் கிடக்கிறது. ஓரிரு நாளில் ரோட்டை மூடிவிடுவார்கள். மூடுவார்கள் என்று எழுதுகிறேன் பார். கேட்டை என் உதவிப் பொறியாளரிடம் ஒப்படைத்துவிட்டேன். பனி மூடினால் மேலே இருப்பவர் இறங்க முடியாது, கீழே இருப்பவர் ஏற முடியாது. அதைச் சொல்லியே ஒவ்வொரு பனிக்காலமும் மேலே உட்கார்ந்துவிட்டேன். இந்த முறை நான் கீழே மாட்டிக்கொள்கிறேன்.

இந்தக் கடிதம் தபால் ஜீப்பில் எனக்கு முன்னால் வரும். சக்கரங்களுக்குச் சங்கிலி கட்டியாயிற்று. நிழல் விழுகிற வளைவுகளில் கண்ணுக்குத் தெரியாத உறைபனி இருக்கும், அதனால் வெயில் ஏறிய பிறகுதான் கிளம்புவேன்.

அந்தப் பச்சை ஸ்வெட்டர் பெட்டியின் அடியில் கிடைத்தது. முழங்கை பிய்ந்திருக்கிறது, தோள் கொஞ்சம் இறுக்குகிறது. போட்டுக்கொண்டு வருகிறேன். அம்மாவுக்கு நிறம் தெரியாது, அது எனக்கும் தெரியும். கையால் தடவிப் பார்க்கட்டும்.

நரைத்துவிட்டது தம்பி, பாதிக்கு மேல். நீ சொல்லாதே. மறுபடி கேட்டால், நானே என்ன சொல்வதென்று வழியில் யோசித்துக்கொண்டு வருகிறேன்.

வழியில் மூடுபனி வந்தால் திரும்பிப் போய்விடுவேனோ என்று அம்மா பயப்படுவாள். மாட்டேன் என்று சொல். சின்ன லைட்டைப் போட்டுக்கொண்டு மெதுவாக வந்துவிடுவேன். அன்றைக்கு நீங்களும் அப்படி வந்திருக்கலாம்.

உன் அக்கா