பனி மெட்டுக்கு நீங்க வரைஞ்ச வழி

இன்றைக்குக் காலையில் கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது விளக்குமாறு எதிலோ சிக்கிக்கொண்டது. குனிந்து இழுத்தால், உங்க டயர் சங்கிலி. நீங்க சுற்றி வைத்த சாக்கை எலி கடித்துப் பாதி தின்றிருக்கிறது. பழைய ஆயிலும் துருவும் காய்ந்த சேறும் கலந்த அந்த வாடை முகத்தில் அடித்ததும் கையில் விளக்குமாற்றோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உங்க சட்டையில்கூட இப்போது அந்த வாடை இல்லை. துவைத்துத் துவைத்து நானே போக்கிவிட்டேன்.

சாந்தன்பாறைப் பக்கம் ஏலக்காட்டுக்கு மழைக்காலத்தில் ஆளேற்றிக்கொண்டு போகணும் என்றால் பின் டயர் ரெண்டிலும் இதைச் சுற்றினால்தான் ஜீப் ஏறும். இல்லாவிட்டால் சேற்றில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். வருசா வருசம் கட்டி அவிழ்த்து உங்க விரல் மூட்டெல்லாம் புடைத்துப் போயிருந்தது. இந்தச் சங்கிலியை ஏரோப்ளேனில் ஏற்றி ஆஸ்திரியாவுக்குக் கொண்டுபோவேன் என்று ஒற்றைக்காலில் நின்றீங்களே!

நம்ம பேத்தி பிரின்சி அங்கே நர்சாகப் போய் மூன்றாவது வருசம். முந்தின வருசத்து ஈஸ்டர் அன்றைக்கு வீடியோவில் வந்தாள். "தாத்தா, அடுத்த ஜனவரியில எனக்குப் பத்து நாள் லீவு. கார் எடுத்துக்கிட்டு ஆல்ப்ஸ் மலையைச் சுத்தப் போறேன். நீங்களும் பாட்டியும் வாங்க. நான் பனியில சறுக்குறதைப் பாக்கலாம்" என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் சூரியநெல்லிக் கடைவீதியில் சொல்லாத ஆள் பாக்கியில்லை. நீங்க பனியைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. "ரோடு எப்படி? பனியில டயர் வழுக்காதா?" என்றுதான் கேட்டீங்க.

"வழுக்கும் தாத்தா. சங்கிலி வச்சிருக்கணும்னு சட்டமே இருக்கு. எனக்குத்தான் கட்டத் தெரியாது."

அந்த ஒரு வார்த்தை போதும் உங்களுக்கு. மறுநாளே ஜீப்பை வாசலில் நிறுத்தி, என்னைப் போனைப் பிடிக்கச் சொல்லி, மண்ணில் மண்டி போட்டுவிட்டீங்க. "நல்லா பாத்துக்க. முதல்ல விரிச்சுப் போடு, முறுக்கு இருக்கக் கூடாது. இப்ப வண்டியை ஒரு முழம் முன்னால எடு. இப்பக் கொக்கியை மாட்டு."

"இங்க அந்தக் குளிர்ல ரெண்டு நிமிசத்துல விரல் மரத்துப்போகும் தாத்தா."

"அதுக்குத்தானே நான் வாரேன்!"

அதற்கப்புறம் ஆறு மாசம் இந்த வீட்டில் வேறு பேச்சு உண்டா? பிரின்சி போனில் வழியைக் காட்டக் காட்ட, காலண்டர் தாளின் பின்பக்கம் நீங்க வரைந்தீங்க. உங்களுக்கு எழுத்துத் தெரியாது, நம்பர் மட்டும் தெரியும். அதனால் குகைக்குக் கறுப்பு வட்டம், ஏற்றத்துக்குப் பல்லுப்பல்லாகக் கோடு, பெட்ரோலுக்கு ஒரு குப்பி. ஊர்ப்பெயரைப் பக்கத்தில் தமிழில் எழுதுவது என் வேலை. இன்ஸ்புருக் என்று நான் எழுதிக் கொடுத்ததை விரலால் தடவிப் பார்ப்பீங்க. மலையைத் தாண்டும் இடமெல்லாம் உங்களுக்கு மெட்டுதான். போடிமெட்டு மாதிரி அங்கேயும் ரெண்டு மெட்டு. ஒரு இடத்தில் மலைக்கு மேலே ரோடு பனியில் அடைத்துவிடுமாம், காரை அப்படியே ரயிலில் ஏற்றிக் குகைக்குள் கொண்டுபோவார்களாம். அதைக் கேட்டுக் குழந்தை மாதிரிக் கைதட்டினீங்க. "ஏ டீச்சரம்மா, வண்டியே வண்டியில ஏறுதாம்டி!"

ஐந்தாம் கிளாஸ் படித்தவள் என்பதால் நான் உங்களுக்கு டீச்சரம்மா. கேலிதான். ஆனாலும் அப்படிக் கூப்பிடும்போது எனக்கு ஒரு கெத்து இருந்தது. மறைக்க மாட்டேன்.

சறுக்குப்பலகை விசயத்தையும் நீங்க விடவில்லை. "முட்டியை மடக்கி, கால் விரல் ரெண்டும் உள்பக்கம் பாக்குற மாதிரி நிக்கணும் தாத்தா" என்று அவள் சொன்னதும், எஸ்டேட் லயத்து வீட்டு வாசலில் எல்லாரும் பார்க்க நின்று காட்டினீங்க.

"வயித்துக்கடுப்பு வந்தவர் மாதிரி இருக்கு. உள்ள வாங்க" என்றேன்.

"நீ பிரசவத்துக்கு ஜீப்ல ஏறுனப்ப இப்படித்தான் நின்னே. நான் சிரிச்சேனா?" என்றீங்க. எதிர் வீட்டு அந்தோணியம்மா சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டாள்.

எல்லாவற்றையும்விட உங்களைப் பிடித்துக்கொண்டது அந்த ஏரி. அணை கட்டி ஒரு ஊரையே தண்ணீரில் விட்டுவிட்டார்களாம். கோயில் கோபுரம் மட்டும் தண்ணீருக்கு மேலே நிற்கிறதாம். குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் ஜனங்கள் அதுவரைக்கும் நடந்துபோவார்களாம். "நம்ம ஆனையிறங்கல் டேம்ல தண்ணி வத்துனா பழைய பாதை தெரியும்ல, அது மாதிரி. அந்தக் கோபுரத்தை ஒரு தடவை கையால தொட்டுட்டு வந்துடணும்" என்றீங்க. தாளில் அந்த இடத்தில் சிலுவை போட்டீங்க. மூன்று தரம் அழுத்திப் போட்டதில் தாள் கிழிந்துவிட்டது.

பாஸ்போர்ட் வந்தது. உங்க அண்ணன் பேரில் வந்தது. அது எனக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிந்த கதை. உங்க அண்ணன் காய்ச்சலில் போனபோது அவர் பேர் எஸ்டேட் சம்பளப் பதிவில், செக்ரோலில், இருந்தது. உங்களுக்குப் பதினாலு வயசு, வீட்டில் வேறு சம்பளம் கிடையாது. கங்காணி, "பேரை வெட்ட வேண்டாம், நாளையிலிருந்து நீ வா" என்றாராம். அன்றைக்கு ஏறிய பேர் பிறகு லைசென்ஸில் ஏறி, ரேசன் கார்டில் ஏறி, ஆதாரிலும் ஏறிவிட்டது. உங்களுக்கு எழுதத் தெரிந்த ஒரே வார்த்தை உங்க அண்ணன் பேர். உங்க சொந்தப் பேர் கோயில் ஞானஸ்நானப் புத்தகத்திலும் நம்ம கல்யாண ரெஜிஸ்தரிலும் மட்டும் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்ட உங்க அம்மாவும் போய்விட்டார். நான் எப்படிக் கூப்பிடுவேன்?

அக்டோபரில் இன்சூரன்சுக்கு டாக்டர் சீட்டு வேணும் என்று பிரின்சி கேட்டாள். ஆஸ்பத்திரியில் ஊதச் சொல்லி, படம் எடுத்து, எல்லாம் பார்த்தார்கள். ஜீப் ஸ்டாண்டில் தெரிந்த ஆள் யாராவது உண்டா என்று பார்க்க நீங்க வெளியே போன நேரத்தில் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "அம்மச்சி, அப்பச்சனை அங்ஙோட்டு கொண்டுபோகண்ட. தாங்கில்ல" என்று மலையாளத்தில் சொன்னார். உங்களை அங்கே கூட்டிப்போக வேண்டாம், உடம்பு தாங்காதாம். நுரையீரல் பாதிகூட வேலை செய்யவில்லையாம். அந்த உயரமும் குளிரும் ஆளையே கொண்டுபோய்விடுமாம்.

வீடு வருகிற வரைக்கும் யோசித்தேன். உங்களிடம் சொன்னால் என்ன சொல்வீங்க என்று எனக்குத் தெரியும். "போற உசுரு அங்க போகட்டும்டி, நல்ல ரோட்டுல போகட்டும்" என்பீங்க. சொன்னதைச் செய்யவும் செய்வீங்க. அதனால் பிரின்சிக்கு மட்டும் விசயத்தைச் சொன்னேன். விசாவுக்கு எழுதிப் போடாதே என்றேன். தாத்தாவிடம் நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன், நீ பயணத்தைப் பற்றி வாயே திறக்காதே என்றேன். பத்து நாள் கழித்துப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உங்களிடம் வந்து, ஏதோ வாசிக்கிற மாதிரி வாசித்தேன்: "விசா இல்லைன்னு வந்துருச்சு."

"எதனாலயாம்?" என்று கேட்டீங்க.

நீங்க என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீங்க. கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வாசகம் வாசிக்கிற வாய். தடுமாறினால் கண்டுபிடித்துவிடுவீங்க. கைக்கு அகப்பட்டதை எடுத்து எறிகிற மாதிரி எறிந்தேன். "கோயில் ரெஜிஸ்தர்ல ஒரு பேரு, ஆதார்ல ஒரு பேரு. அதனால தள்ளிட்டாங்களாம்."

சத்தம் போடுவீங்க, சர்க்காரைத் திட்டுவீங்க என்று நினைத்தேன். திட்டவில்லை. "அப்படியா" என்றீங்க. "இத்தனை வருசம் கழிச்சுக் கண்டுபிடிச்சுட்டாங்களே" என்றீங்க. காலண்டர் தாளை நாலாக மடித்து, எட்டாக மடித்து, சட்டைப்பையில் வைத்தீங்க.

அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லியிருக்கலாம். "கேஸ் கீஸ் வருமாடி?" என்று நீங்க கேட்டபோதாவது சொல்லியிருக்கலாம். "வராது, சாப்பிடுங்க" என்றேன். வெளியே ஏதாவது வண்டி நின்றால் எட்டிப் பார்ப்பீங்க. போலீசா, எஸ்டேட் ஆபீசா என்று பார்ப்பீங்க. பென்சனை நிறுத்திவிடுவார்களோ என்று கேட்டீங்க. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அண்ணன் பேரை எழுதாமல் கட்டைவிரல் ரேகை வைத்தீங்க. பிரின்சி வீடியோவில் வந்தால் நீங்களும் பயணத்தைப் பேசவில்லை, அவளும் பேசவில்லை. ரெண்டு பேருக்கும் நடுவில் போனைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். உங்களை உயிரோடு வைத்துக்கொள்ளத்தானே செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அதற்கு மேல் ஒன்று இருந்தது. நான் பொய் சொன்னேன் என்று உங்க முன்னால் நின்று சொல்ல எனக்கு மனசு வளையவில்லை. டீச்சரம்மா இல்லையா!

அடுத்த ஜூன் மழையில் படுக்கையில் விழுந்தீங்க. டாக்டர் பயந்த ஆல்ப்ஸ் மலை வேண்டியிருக்கவில்லை. நம்ம வீட்டு ஈரமே போதுமாக இருந்தது.

கோயில் சாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்டு, எண்ணெய் பூசி நோயில்பூசுதல் கொடுக்க வந்தார். உங்களைத் தனியாக விட்டுவிட்டு நான் அடுப்படிக்கு வந்தேன். நம்ம அடுப்படிச் சுவர் கூரை வரைக்கும் போகாது என்பது உங்களுக்கும் தெரியும். மூச்சு விட்டு மூச்சு விட்டு நீங்க சொன்னது எனக்குக் கேட்டது. "செத்தவன் பேருல சம்பளம் வாங்கினேன் சாமி. அண்ணன் பேரைத் திருடினேன். அதான் அந்தக் கோபுரத்துக்கிட்டப் போக விடல."

கையில் சாமியாருக்கான காப்பி. நாலு எட்டு வைத்தால் கட்டில். நீங்க எந்தப் பாவமும் செய்யவில்லை, உங்க பேரை யாரும் தள்ளவில்லை, நெஞ்சுதான் காரணம், நான்தான் மறைத்தேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. அப்போதும் உங்களுக்குக் காது நன்றாகக் கேட்டது. நான் காப்பியை ஆற்றினேன். ஒரு தரம் ஆற்றி, மறுபடியும் ஆற்றினேன். சாமியார் வெளியே வந்து, "நல்ல மனுசன்மா" என்று சொல்லிக் குடித்துவிட்டுப் போனார். ரெண்டாம் நாள் நீங்க போய்விட்டீங்க. கல்லறைச் சிலுவையில் எந்தப் பேரும் போடக் கூடாது என்று மட்டும் போகுமுன் சொன்னீங்க. அண்ணன் பேரை அண்ணனுக்கே கொடுத்துவிட்டேன், என் பேர் யாருக்கும் தெரியாது என்றீங்க. பேரில்லாமல்தான் இருக்கிறது. செலவுக்குப் பயந்து எழுதவில்லை என்று சிலர் பேசுகிறார்கள். பேசட்டும்.

போன வாரம் பிரின்சி நீளமாக ஒரு சேதி அனுப்பினாள். இந்த ஜனவரியில் நீங்க வரைந்த வழியிலேயே சிநேகிதிகளோடு போய் வந்தாளாம். "பாட்டி, இதைத் தாத்தா கல்லறையில போய்ச் சத்தமா வாசிங்க" என்று எழுதியிருந்தாள். நேற்று பூசை முடிந்து போனேன். அந்தோணியம்மாவும் கூட வந்தாள். "எங்க அக்கா வாசிச்சா ரேடியோ கெட்டுது" என்று முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். "தாத்தா, ஏரி முழுக்க உறைஞ்சிருந்தது. நடந்துபோய் உங்களுக்காகக் கோபுரத்தைத் தொட்டேன். கையுறையைக் கழட்டிட்டுத்தான் தொட்டேன். கல்லு அவ்வளவு குளிர்."

அடுத்த வரி கண்ணுக்கு முன்னால் இருந்தது. "டாக்டர் வேண்டாம்னு சொன்னதும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாம எங்களுக்காக அடங்கி இருந்தீங்களே தாத்தா, அது உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்னு அங்க நின்னப்பதான் தெரிஞ்சது."

நீங்க இருந்த வரைக்கும் நான் சொல்லாததை என் பேத்தி எழுதிக் கையில் கொடுத்திருக்கிறாள். வாசித்தால் போதும். ஆனால் பக்கத்தில் அந்தோணியம்மா; விசா இல்லை, விசா இல்லை என்று அவளிடமும் லயம் முழுக்கவும் சொல்லி வைத்தவள் நான்தான்.

"என்னக்கா நிறுத்திட்டீங்க? அழுகையா? வாசிங்க" என்றாள் அந்தோணியம்மா.

"எழுத்து சின்னதா இருக்கு" என்றேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த வரியைத் தாண்டி அடுத்ததை வாசித்தேன். "எனக்கு இங்க சுகம். உங்க நினைப்புத்தான்." அந்தோணியம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். "எவ்வளவு நல்லா எழுதியிருக்கு புள்ள" என்றாள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு அந்த வரியை வாசித்தேன். சத்தமாக, ஒரு எழுத்து விடாமல், ரெண்டு தரம். அடுப்படியில் எனக்கு மட்டும்தான் கேட்டது.