கல்லில் வெட்டாத பட்டம்

என் ஆசை நைனா, உங்கள் பூட்ஸ் சத்தம் இல்லாத மாரிகுப்பம் வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

நீங்கள் காத்திருந்தது வந்துவிட்டது. உங்களோடு பட்டாளத்தில் இருந்த ஹவில்தார் மாமா பெங்களூர் கண்டோன்மென்டிலிருந்து ரயிலேறி வந்து சொன்னார். நெடுநாள் சேவைக்காக உங்களுக்குக் கௌரவ கேப்டன் பட்டம் கொடுத்திருக்கிறார்களாம். நீங்கள் கண்மூடியது அவர்களுக்குத் தெரியாது போலிருக்கிறது. பாழாய்ப்போன பட்டம், போன மழைக்கு முன்னால் வந்திருந்தால் என்ன?

மாமா வாசலிலேயே, “எஸ்தரு, உங்க நைனா கேப்டன் ஆயிட்டாரு!” என்று கத்திவிட்டார். பக்கத்து வீட்டுக் கன்னியம்மா ஓடிவந்தாள். “இன்னாது, செத்தவர எப்பிடி சுரங்கத்துல எறக்குவாங்க?” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை. இந்தத் தங்கச் சுரங்கத்து ஊரில் கேப்டன் என்றால் உள்ளே ஆட்களை இறக்கி வேலை வாங்கும் வெள்ளைக்காரன்தானே? பட்டாளத்துக் கேப்டனை இவர்கள் எங்கே கண்டார்கள்?

சுபேதார் மேஜராக ஓய்வு பெற்று, இங்கே சுரங்க கேட்டில் காவலுக்கு நின்றபோதும் பித்தளைப் பொத்தானைத் துலக்கிக்கொண்டே இருந்தீர்கள். “பட்டம் வந்தா என் கல்லறைக் கல்லுல போடு, மறந்துடாத” என்று காய்ச்சலிலும் சொன்னீர்கள். அப்படியே வெட்டச் சொல்லக் கல்தச்சனிடம் கிளம்பினேன். உங்கள் மருமகன் மறித்தார்.

“வேணாம். பாறை வுழும்னு ஆளுங்க சொல்லியும் கேக்காம சுரங்கத்துக் கேப்டன் ரெண்டு பேர உள்ள அனுப்பிச்சான். செத்துட்டாங்க. அவங்கள உங்க நைனா பக்கத்துலதான் பொதச்சிருக்கு. கல்லுல அந்தப் பேரப் பாத்தா ஆளுங்க துப்பிட்டுப் போவாங்க.”

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தேன். செத்தவர்களில் ஒருவன் மனைவி மண்ணைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், “சுபேதார் அய்யா பக்கத்துல கீறாரு, எங்க ஊட்டுக்காரருக்குத் தொணைக்கு” என்றாள். அவள் முன்னால் அந்தச் சொல்லை நான் எப்படி வெட்டி வைப்பேன், சொல்லுங்கள்?

கல்லில் சுபேதார் மேஜர் என்றே போடச் சொல்லிவிட்டேன். கோபமா, நைனா? கோபம் இருக்கும். எனக்கே இன்னும் ஆறவில்லை.

ஒவ்வொரு ஞாயிறும் கோயிலில் ஆராதனை முடிந்ததும் வருவேன். செத்த இருவரின் மனைவிகளும் எழுந்து போகும்வரை காத்திருப்பேன். பிறகு உங்கள் தலைமாட்டில் நிமிர்ந்து நின்று, நீங்கள் கேட்க ஆசைப்பட்ட பெயரை உங்கள் காதுக்கு மட்டும் சொல்வேன். இது சத்தியம்.

கேப்டன் மகள்,
எஸ்தர்