இடப் புருவத்து வடு

வீட்டு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். இன்று காலை டர்பன்டைன் டப்பாவைத் திறந்ததும் எழுந்து தெருவுக்குப் போய்விட்டேன். எனக்கு வாடை ஆகவில்லை என்று மருமகள் நினைத்துக்கொண்டாள். நீ இறந்துபோய்விட்டாய் என்று உன் மகன் எழுதி ஒரு மாதம் ஆகிறது. உன்னிடம் சொல்ல வேண்டிய ஒன்றை நாற்பது வருடம் தள்ளிப்போட்டவன் நான்.

நெய்வேலியில் அப்போதெல்லாம் வேலை பர்மனென்ட் ஆனவன் நேரே நம் ஸ்டுடியோவுக்குத்தான் வருவான். நம்மிடம் இருந்த ஒரே கோட்டை அத்தனை பேரும் மாட்டிக்கொண்டார்கள். படம் பிடிப்பது நான். நெகடிவ் மேல் பென்சில் ஓட்டி முகத்தைச் சீராக்குவது நீ. எனக்கு வாய் அதிகம். உனக்குக் கைவேலை சுத்தம்.

முத்தாண்டிக்குப்பத்துக்காரர் ஒருவர் வந்தாரே, முகமெல்லாம் அம்மைத் தழும்போடு. கோட்டுப் பொத்தானைத் தடவிக்கொண்டே, "தழும்பு தெரியுங்களா?" என்று கேட்டார்.

"உங்க மாமியாரே ஆருன்னு கேக்கணும், அப்படி எடுத்துத் தரேன்" என்றேன். மனிதர் வெட்கப்பட்டுச் சிரித்தார்.

தழும்புகளையெல்லாம் பென்சிலால் மூடினாய். இடப் புருவத்தின் மேல் பளபளவென்று ஒரு வடு. பளபளப்பு நெகடிவில் கறுப்பாக விழும், அதைக் கத்தியால் சுரண்டித்தான் எடுக்க முடியும். "இதை விட்ருவோம்ப்பா, பொறவு திருப்பிக் கொண்டார முடியாது" என்றாய். நான் கேட்கவில்லை. "முதலாளி நானா நீயா? சுரண்டுன்னா சுரண்டு" என்றேன். சுரண்டினாய். படம் சினிமாக்காரர் படம் போல வந்தது. அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வருடமே மஞ்சள் காமாலையில் அவர் போய்விட்டார். அவர் மனைவி இடுப்பில் பெண் குழந்தையோடு வந்து, படத்தை மேசைமேல் வைத்தாள்.

"அவுரு இருந்தப்ப இது நல்லாத்தாங்க இருந்துது. வூட்ல மொகம் இருந்துச்சு, படம் எப்படி இருந்தா என்னா? இப்ப பாத்தா வேற ஆரோ மாதிரி இருக்குதுங்க. புள்ள அப்பான்னே சொல்ல மாட்டேங்குது. வேற படமும் கெடையாதுங்க."

நீ நெகடிவைத் தேடி எடுத்தாய். பஞ்சில் டர்பன்டைனைத் தொட்டு உன் பென்சில் வேலை முழுவதையும் துடைத்தாய். மறுநாள் புதுப் பிரதியை நீட்டினோம். தழும்புகள் திரும்பி வந்திருந்தன. அவள் வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு விரலைப் படத்தின் நெற்றியில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"இங்க ஒரு வடு இருக்குமேங்க? சின்னதுல முந்திரி மரத்துலேர்ந்து வுழுந்தது. அத்த தடவிகினேதான் புள்ள தூங்கும்."

நான் சொல்லியிருக்க வேண்டும். கேமரா லென்ஸைத் துடைப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டேன்.

"என் கை தவறிடுச்சும்மா. நான்தான் சுரண்டிட்டேன்" என்றாய்.

"ஏங்க, ஒங்களுக்கு என்னாங்க கெடுதல் பண்ணுனாரு அவுரு?" என்று அவள் உன்னைப் பார்த்துக் கேட்டாள். அந்தக் கேள்வியை நீ நின்று வாங்கிக்கொண்டாய்.

அதற்குப் பிறகு நீ கத்தியைத் தொடவில்லை. நானும் தொடச் சொல்லவில்லை. அதைப் பற்றி நாம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நீ பேசியிருந்தால், திட்டியிருந்தால், எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அவளை அடிக்கடி பார்ப்போம், நினைவிருக்கிறதா? நாம் இருவரும் சேர்ந்துதான் போவோம். உன்னைக் கண்டதும் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நீ தலையைக் குனிந்துகொண்டு காய் பொறுக்குவாய். என்னிடம் மட்டும், "நல்லா இருக்கீங்களாங்க?" என்று கும்பிடுவாள்.

ஒவ்வொரு முறையும் நானும் கும்பிட்டேன்.