கொதிநீர் உயிர்களும் என் வயிறும்

மச்சான்,

பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலுக்குக் குழாய்க்கிணறு அடிக்கிறார்கள். இன்று காலை முதன்முதலில் தண்ணீர் வந்தபோது அழுகிய முட்டை மணம். வேலையாட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட, நான் மட்டும் கிட்டப் போய் நெஞ்சு நிறைய இழுத்தேன். நீயே பக்கத்தில் வந்து நின்றதுபோல் இருந்தது.

மகா ஓயா வெந்நீர் ஊற்றிலும் இதே மணம்தானே. சண்டைக் காலம். உன் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு நுணுக்குக்காட்டியில் காட்டவென்று, ஊற்றோரப் பாசியைச் சுடச்சுடப் பிளாஸ்கில் அள்ளினாய். கை வைத்தால் எலும்புதான் மிஞ்சும், அவ்வளவு சூடு. நான் முழங்கை வரை விட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் ஒரே உன் கதைதான். சில நாடுகளில் கரையோரக் கடலுக்குள், ஆழமில்லாத இடத்திலேயே, தரை பிளந்து கொதிநீர் குமிழியிடுமாம். வெயிலை நம்பாமல் அந்தச் சூட்டையும் கந்தகத்தையும் தின்று பிழைக்கும் நுண்ணங்கிகள் வெள்ளை நூலாய்க் கூட்டங்கூட்டமாய்க் கல்லில் படர்ந்திருக்குமாம். நம் பிளாஸ்கில் இருப்பதும் அதுகளைப்போலச் சூட்டுக்குப் பழகியதுதானாம்.

"எங்கட உடம்புச் சூடு அதுகளுக்குப் பனிக்குளிர் மச்சான். வளராதுகள்."

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைவிட்டு ஓடிவிட்டது. அப்படிப்பட்ட எனக்கு, பட்டதாரி நீ, இன்னொரு வாத்தியாருக்குச் சொல்வதுபோல் சொன்னாய். அதற்கே உனக்குக் கோடி நன்றி.

ஆமிக்காரரின் சென்றியில், சோதனைக்கென்று எல்லோரையும் இறக்கினார்கள். சிப்பாய் பிளாஸ்கைத் திறந்தான். பச்சைக் கூழ், ஆவி.

"என்ன இது?"

பொய் சொல்லத் தெரியாத நீ, "உயிருள்ள கிருமி" என்றாய். அந்தக் காலத்தில் அங்கே சொல்லுகிற சொல்லா அது!

"வஸ?" என்று துவக்கைத் தூக்கினான். நஞ்சா என்று சிங்களத்தில் கேட்கிறான். உன் சட்டையைப் பிடித்து மண்மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளினான். அங்கே போனவர்களில் திரும்பியவர்கள் குறைவு.

பிளாஸ்கைப் பறித்து இரண்டு மிடறு குடித்தேன். "மருந்துத் தண்ணி மாத்தயா, மூட்டு வலிக்கு" என்று முழங்காலிலும் தேய்த்தேன். நாக்கு வெந்தது, சிரித்துக்கொண்டே நின்றேன். நான் எப்போது விழுவேன் என்று பார்த்திருந்த சிப்பாய், கடைசியில் தன் முழங்காலை நீட்டினான். தேய்த்துவிட்டேன். உன்னை விட்டான்.

பஸ் ஏறியதும் அழுதாய். "டேய் விசரா, குடிச்சிற்றியே!"

"நீதானே வளராது எண்டாய்?"

"வளராது எண்டன். சாகும் எண்டு சொல்லல்லையே! குளிரில படுத்துக் கிடக்குங்கள்."

பிறகு கடைத்தெருவில் நான் சொல்லச் சொல்ல அந்தச் சிப்பாய் ஐந்து பேரானான். ஆட்கள் உன்னைப் பார்த்து, "மெய்யா சேர்?" என்பார்கள். "பயத்தில நான் எண்ணல்ல" என்பாய். பொய் சொல்லாத மனுசன் எனக்காக அந்த அளவுக்கு வளைந்து கொடுத்தாய்.

நீ கண்ணை மூடிப் போய்விட்டாய். எனக்குக் காய்ச்சல் வந்தால் மனுசி மாத்திரையோடு ஓடி வருகிறாள். நான் வயிற்றைத் தடவி, உள்ளே படுத்துக் கிடப்பதுகளுக்குச் சொல்லுவேன்: "இந்தச் சூடு உங்களுக்குக் காணாது. படுங்க மக்காள், வாத்தியார் இன்னும் வரல்ல."