பின்பக்கத்தின் ஏழாவது வரி

ஜனவரி 9

முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன் வேலைக்கான நேர்காணலில் தலைமையாசிரியை என்னிடம் கேட்டார்: “கரும்பலகை இல்ல, சாக்பீஸ் இல்ல. ஒரு வாளித் தண்ணிதான் இருக்கு. என்ன பாடம் நடத்துவீங்க?” கொள்ளளவு என்றேன். எத்தனை சொம்பு சேர்ந்தால் ஒரு வாளி என்று விளக்கினேன். வேலை கிடைத்துவிட்டது.

இன்று தங்கை வீட்டுக் குளியலறையில் வாளியோடு உட்கார்ந்திருந்தபோது அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தது. எங்கள் தெருவின் கடைசி வீடு, பள்ளத்தில் இருக்கும் வீடு, அவளுடையது. எட்டு மாதமாகக் காலை ஏழு மணிக்கு, தெருவே குளிக்கும் நேரத்தில், அவள் வீட்டுச் சாக்கடைத் துளை வழியாகக் கறுப்புத் தண்ணீர் மேலே வருகிறது. இரண்டு பேரும் அள்ளி அள்ளி வெளியே ஊற்றினோம். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “விடுக்கா. அதான் புது ரோடு வருதே. அப்ப எல்லாம் சேர்ந்து சரியாயிடும்.”

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பதினொரு வருடமாகக் குண்டும் குழியுமாகக் கிடக்கும் தெரு இது. புது ரோட்டுக்கான ஒப்புதல் படிவத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறியது நான்தான். அறுபத்து நான்கு வீடுகளில் ஐம்பத்தெட்டுக் கையெழுத்து. நகராட்சி அலுவலகத்தில் பொறியாளர் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். அதை இதோடு எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்!

ஜனவரி 12

பொறியாளரைப் பார்க்கப் போனேன். ரோடு போடும்போதே அடியில் இருக்கும் பழைய சாக்கடைக் குழாயையும் மாற்றிவிடுவீர்கள்தானே என்று கேட்டேன். சும்மா உறுதி செய்துகொள்ளத்தான்.

“குழாயா? அது வேற திட்டம் மேடம். ரோட்டுக்கு நிதி வந்தாச்சு. குழாய்க்குக் கடன் கேட்டிருக்கோம், இன்னும் வரல.”

“சரி, அது வந்ததும் போடுவீங்க.”

“போடுவோம். அஞ்சு வருஷம் கழிச்சு.”

“ஏன் அஞ்சு வருஷம்?”

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். “புது ரோட்டை அஞ்சு வருஷத்துக்கு யாரும் வெட்டக் கூடாது மேடம். படிவத்துலயே இருக்கே, பின்பக்கம், ஏழாவது வரி. நீங்கதானே கையெழுத்து வாங்கிக் கொடுத்தீங்க?”

இன்னொன்றும் சொன்னார். பழைய ரோட்டின் மேலேயே புதியதைப் போடுவதால் தெருமட்டம் ஒரு சாண் உயரும். தங்கை வீட்டு வாசற்படி இப்போதே தெருமட்டத்துக்குச் சமம்.

ஜனவரி 13

வீட்டில் இருந்த நகலை மூன்று முறை படித்தேன். ஏழாவது வரி அங்கேதான் இருக்கிறது. எழுத்து சின்னதுதான், ஆனால் என் கண்ணாடி போதுமான அளவு பெரியது. சாக்குச் சொல்ல வழியில்லை.

ஓய்வு பெறும்வரை முப்பத்து நான்கு வருடம் ஒவ்வொரு தேர்வறையிலும் கத்தியிருக்கிறேன் — கேள்வியை இரண்டு முறை படியுங்கள், தாளைத் திருப்பிப் பாருங்கள் என்று.

ஜனவரி 15

தங்கையிடம் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“அப்ப நான் இன்னும் அஞ்சு வருஷம் அள்ளணும்.”

மடித்த துணிகளை நான் எடுத்து அடுக்கினேன்.

“நீ படிவத்தோட வந்தப்ப முதல் கையெழுத்து நான்தானேக்கா போட்டேன். படிச்சுப் பாக்கட்டுமான்னு கேட்டேன். நான் படிச்சுட்டேன், நீ போடுன்னு சொன்ன.”

சொன்னேன். அப்படியேதான் சொன்னேன்.

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். காபி போட்டுக் கொடுத்தாள். அதுதான் தாங்கவில்லை.

ஜனவரி 17

மறுபடி அலுவலகம். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெற முடியுமா?

“எழுதிக் கொடுத்தா செல்லும். பாதி வீட்டுக்கு மேல ஒப்புதல் இல்லன்னா வேலை நிக்கும்,” என்றார் பொறியாளர். “ஆனா மேடம், இந்தப் பணத்தை இந்த வருஷம் செலவு பண்ணலன்னா வேற தெருவுக்குப் போயிடும். பதினோரு வருஷம் காத்திருந்துட்டு அதைப் போய்…”

எனக்கு உதாரணம் சொல்லாமல் இருக்க வராது. “சுவருக்குப் பெயின்ட் அடிச்ச பிறகு வயர் போடறதுக்கு அதை உடைப்பீங்களா?”

“உடைக்க மாட்டோம் மேடம். அஞ்சு வருஷம் இருட்டுல உக்காந்திருப்போம்.”

கெட்டிக்காரர். சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்: “நான் உக்கார மாட்டேன்.”

கணக்குப் போட்டேன். வேலை நடக்க முப்பத்து மூன்று ஒப்புதல் வேண்டும், கையில் இருப்பது ஐம்பத்தெட்டு. இருபத்தாறு பேர் திரும்பப் பெற்றால் போதும். வாங்கித் தந்த அதே கால்கள் போகட்டும், அதே படிகளில் ஏறட்டும்.

ஜனவரி 20

முதல் நாள். நான்கு பேர். தங்கை, தங்கைக்கு அடுத்த இரண்டு வீடு, நான்.

ஒரு வீட்டில்: “கேக்க வந்ததும் நீங்க, திருப்பிக் கேக்கறதும் நீங்க. அடுத்த வாரம் மறுபடி வருவீங்களா? சொல்லிட்டீங்கன்னா பேனாவை இங்கயே வச்சிருப்பேன்.”

தப்பு என்னுடையது என்று எல்லா வாசலிலும் முதல் வாக்கியமாகவே சொல்லிவிடுகிறேன். வகுப்பில் தப்பாக எழுதிப் போட்ட கணக்கை அழித்துவிட்டு முதலிலிருந்து போடுவதுபோல. பிள்ளைகள் இதற்கு ஒருநாளும் மரியாதை குறைத்ததில்லை. பெரியவர்கள் வேறு மாதிரி!

ஜனவரி 23

மொத்தம் ஒன்பது. மளிகைக் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார். வீட்டுக் கதவை அல்ல, கடைக் கதவை. பட்டப் பகலில், உள்ளே இரண்டு வாடிக்கையாளர்கள் நிற்கும்போது.

ஜனவரி 24

தையல்காரர் வீடு தெருவின் உச்சியில், மேட்டில். கீழே கடை, மேலே குடும்பம். அவர் சொன்னால் மேட்டுப் பக்கம் இருபது வீடு கேட்கும். அளவு டேப்பைக் கழுத்தை விட்டு எடுக்காமலே பேசினார்.

“டீச்சர், சுத்தி வளைக்காதீங்க. உங்க தங்கச்சி வீட்டுக்காக எங்க எல்லாருடைய ரோட்டையும் நிறுத்தறீங்க. உண்மையா இல்லையா?”

“உண்மைதான்.”

இந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை போல. கொஞ்ச நேரம் ஊசியில் நூல் கோத்தார்.

“எங்க பக்கம் தண்ணி நிக்கறதே இல்ல. அது உங்க பக்கத்துப் பிரச்சனை. நாங்க எதுக்குக் குழியில விழுந்து எந்திரிக்கணும்?”

வீட்டுக்கு வந்து யோசித்தேன். அந்தக் கடைசி வீட்டில் முன்பின் தெரியாத ஒருத்தி இருந்திருந்தால் நான் இப்படிப் படியேறியிருப்பேனா? தெரியவில்லை. ஏறியிருக்க வேண்டும் என்பது மட்டும் தெரிகிறது.

ஜனவரி 26

தையல்காரர் சொன்ன ஒரு வாக்கியம் காதிலேயே இருக்கிறது. எங்க பக்கம் தண்ணி நிக்கறதே இல்ல. நிற்காதுதான். அப்படியானால் எங்கே போகிறது?

கடையில் துணிக்குப் போடும் நீலம் ஆறு பாட்டில் வாங்கினேன். கடைக்காரர் இந்த முறை கதவைச் சாத்தவில்லை. விற்பனை ஆயிற்றே.

ஜனவரி 28

முழுதாக எழுதி வைக்கிறேன்.

காலை ஆறே முக்காலுக்குத் தையல்காரர் வீட்டுக் குளியலறையில் இருந்தேன். அவர் மனைவிதான் உள்ளே விட்டார். “அவர் கிடக்கறார், நீங்க வாங்க டீச்சர்.” நான்கு வாளித் தண்ணீரில் நீலம் முழுவதையும் கரைத்து ஒன்றன்பின் ஒன்றாகத் துளையில் ஊற்றினேன். தையல்காரர் வாசலில் நின்று, “இந்த வயசுல கெமிஸ்ட்ரியா?” என்றார்.

“கணக்குதான். வாங்க, விடையைப் பாக்கலாம்.”

அரைமணி நேரம் நடையும் காத்திருப்பும். தங்கை வீட்டுக் குளியலறையில் அவர் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றார். ஏழேகாலுக்குத் துளை கொப்புளித்தது. முதலில் கறுப்பு. வழக்கமான நாற்றம். அவர் கைக்குட்டையை மூக்கில் வைத்தார். பிறகு கறுப்பின் ஓரத்தில் ஒரு கீற்று. பிறகு சந்தேகமே வேண்டாம் என்கிற மாதிரி — நீலம்.

தங்கை பழக்கதோஷத்தில் வாளியை எடுத்தாள். அள்ளினாள்.

“இது… எங்க வீட்டுத் தண்ணியாம்மா?” என்றார்.

“உங்க வீடு மட்டுமில்லண்ணே,” என்றாள் தங்கை. “எல்லார் வீடும் வரும். உங்க வீட்டுத் தண்ணி இன்னிக்குத்தான் பேரைச் சொல்லிட்டு வந்திருக்கு.”

அவர் முகம் போன போக்கு! கழுத்திலிருந்து டேப்பை எடுத்துச் சட்டைப்பையில் திணித்தார். தங்கை கையிலிருந்து வாளியை வாங்கினார். அவள் தரமாட்டேன் என்றாள். பிடுங்கினார். இரண்டு வாளி அள்ளி வெளியே ஊற்றிவிட்டு, மூச்சு வாங்க, “எட்டு மாசமாவா?” என்றார். அவள் தலையாட்டினாள்.

தெருவில் நடக்கும்போது என்னிடம் அவர் சொன்னது ஒரே வாக்கியம். “உள்ள லைனிங் துணி வைக்காம கோட்டு தைக்கச் சொன்னா நான் தைக்க மாட்டேன் டீச்சர்.”

எனக்குத் தோன்றாத உதாரணம். பொறாமையாக இருந்தது.

பிப்ரவரி 2

முப்பத்தொன்று! கடைசிப் பதினெட்டைத் தையல்காரர் வாங்கினார். மறுத்தவர்களைத் தங்கை வீட்டுக்கு ஏழு மணிக்கு வரச் சொன்னாராம். இரண்டு பேர் போனார்கள். மற்றவர்கள் போகாமலே போட்டுவிட்டார்கள்.

பொறியாளர் எண்ணிப் பார்த்தார். மறுபடி எண்ணினார்.

“இந்த வருஷம் உங்க தெருவுக்கு ரோடு இல்ல மேடம். புரிஞ்சுதான் செய்யறீங்களா?”

“புரியாம செஞ்சது போன தடவை.”

குழாய்க்கான வரிசையில் எங்கள் தெரு நாற்பத்தோராவது இடம் என்றார். எந்த அடிப்படையில் அந்த வரிசை? விண்ணப்பம் வந்த தேதிப்படி. பள்ளம் மேடு பார்த்தா? இல்லை. நேரில் யாராவது போய்ப் பார்த்தீர்களா? பட்டியலை மூடி வைத்தார்.

“நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வாங்க,” என்றேன். “நல்ல ஷூ வேண்டாம்.”

பிப்ரவரி 3

வந்தார். நல்ல ஷூவோடு.

மார்ச் 19

எங்களுக்கு வந்திருக்க வேண்டிய தாரைப் பக்கத்துத் தெருவில் கொட்டுகிறார்கள். வாசனை இங்கே வரை வருகிறது. பிள்ளைகள் அங்கே போய் சைக்கிள் விடுகிறார்கள். பால் வாங்கப் போனபோது ஒருவர் உரக்கச் சொன்னார், “அந்த ரோடு நம்மளோடது. டீச்சர் தானம் பண்ணிட்டாங்க.” எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னார். கேட்டேன். நின்று, “ஆமா, நான்தான்,” என்றேன். குழியில் கால் வைக்காமல் நிமிர்ந்து நடக்க நம் தெருவில் ரொம்பப் பழக்கம் வேண்டும். எனக்கு இருக்கிறது.

தங்கை இன்றும் அள்ளினாள்.

ஜூன் 6

பொறியாளர் போனில் கூப்பிட்டார். குழாய்க் கடன் வந்துவிட்டது. பட்டியலைத் திருத்தி எழுதியிருக்கிறார்கள், எந்தத் தெரு எவ்வளவு பள்ளம் என்று அளந்து. நாங்கள் மூன்றாவது.

“முதல் ரெண்டும் உங்களைவிட மோசம் மேடம். போய்ப் பாத்தேன்.”

“நல்லது. அவங்களுக்கு முதல்ல போடுங்க.”

இதைச் சொல்லக் கொஞ்சம் வலித்தது. ஆனாலும் சொன்னேன்.

அக்டோபர் 14

குழாய் பதிக்கத் தெரு நடுவில் ஆளுயரப் பள்ளம். வீட்டுக்கு வீடு பலகைப் பாலம். புழுதி சோற்றில் வரை விழுகிறது. எல்லோரும் என்னைத் திட்டுகிறார்கள், தையல்காரர் உட்பட. அவர் கடைக்கு ஒரு வாரமாக வாடிக்கையாளர் வரவில்லை. திட்டிக்கொண்டே எனக்கு ஒரு பலகையை ஆணியடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

டிசம்பர் 2

தங்கை வீட்டுக் குளியலறைத் தரை இருபது நாளாகக் காய்ந்திருக்கிறது. வாளியில் மணி பிளான்ட் வைத்திருக்கிறாள். “வேற எதுக்குக்கா இது?” என்றாள்.

ரோட்டுக்கான புதிய ஒப்புதல் படிவம் இன்று வந்தது. கொண்டு போய் அவளிடம் கொடுத்தேன். முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பினாள், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாய்விட்டு வாசித்தாள். ஏழாவது வரியில் நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதியதைப் போடுவார்கள் என்று பதினோராவது வரியில் இருந்தது. அதை இரண்டு முறை வாசித்தாள். பிறகு பேனாவை வாங்கினாள்.

அந்தத் தலைமையாசிரியை இப்போது இல்லை. இருந்தால் போய், நேர்காணலில் சொன்ன பதிலைத் திருத்திக்கொள்ள அனுமதி கேட்பேன்.

இந்த நோட்டு யார் கையிலாவது கிடைத்தால், ஒரு வேலை: நாளைக் காலையில் உங்கள் வாசலில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது கடைசியில் யார் வீட்டில் போய் நிற்கிறது என்று கூடவே நடந்து பாருங்கள்.